தொட்டி கட்டியவரின் பெயர்

பஞ்சவர்ணத்துக்குக் காதுதான் பிழைப்பு. மைசூரில் ஒரு பெரிய அலுவலகத்தின் டெலிபோன் போர்டில் இருபத்தோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். காலை ஒன்பதரைக்கு ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் கழற்றுவாள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், போதாததற்கு உருதுவிலும் நாலு வார்த்தை. எதிர்முனையில் இருப்பவர் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசினாலும் அவளுக்குப் புரிந்துவிடும். இப்படி ஊரார் பேச்சையெல்லாம் வாங்கி வாங்கி, நாற்பத்தொன்பது வயதில் அவளுடைய இடது காதுக்குள் ஒரு ரீங்காரம் குடிவந்துவிட்டது. டாக்டர், காதுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தாலாவது ஓய்வு உண்டா என்றால், அங்கே கேசட்டுகள் காத்திருக்கும். அது வேறொரு தலைவலி. அதை அவளே விலைகொடுத்து வாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் ரூபா, மாணவர் வரலாற்றுப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டாள். அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் எடுக்கும் முரளிதரன் என்பவர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நடத்துகிற போட்டி. ராஜா கதையும் போர்க் கதையும் கூடாது, அவரவர் தெருவின் கதையை, தெரிந்தவர்களிடம் கேட்டு, ஆதாரத்தோடு எழுத வேண்டும் என்பது விதி. ஜெயித்தால் பெங்களூர் போகலாம். ரூபா ஜெயிக்கவில்லை. ஆனால் பரிசளிப்பு அன்று முரளிதரன் பெற்றோர்களுக்கெல்லாம் ஒரு தாளைக் கொடுத்தார். ‘இந்தப் போட்டிக்கு நீங்கள் எப்படி உதவலாம்’ என்று தலைப்பு. கீழே பதினொரு வழிகள். நடுவராக வரலாம், அறை தரலாம், பரிசு தரலாம், பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போகலாம், மத்தியானச் சாப்பாடு தரலாம், இப்படி.

எல்லாரும் பார்த்துப் பார்த்து டிக் போட்டார்கள். பரிசு தரலாம் என்பதற்குத்தான் கூட்டம், மேடையில் போட்டோ எடுப்பார்கள் அல்லவா. ஏழாவது வழியை யாரும் தொடவில்லை. ‘தமிழில் எடுத்த பேட்டிகளைக் கேட்டுக் கன்னடத்தில் எழுதித் தரலாம்’ என்று இருந்தது. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டுப் பெரியவர்கள் பேசுகிற தமிழே சரியாகப் பிடிபடாது. கன்னடத்தில் படிக்கிறார்கள், கன்னடத்தில் சண்டை போடுகிறார்கள். பாவமே என்று பஞ்சவர்ணம் அதில் ஒரு டிக் போட்டுவைத்தாள். அப்புறம் ரூபா படித்து முடித்து, கல்யாணம் ஆகி, ஹூப்ளிக்கே போய்விட்டாள். மகள் போய்விட்டாள், டிக் மட்டும் தங்கிவிட்டது.

இது ஐந்தாவது வருஷம். கார்த்திகை பிறந்தால் ஒவ்வொன்றாகக் கேசட் வரும். காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு உட்காருவாள். ஓட விட்டு, நிறுத்தி, எழுதி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு. அவள் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து அதைப் பார்த்துவிட்டு, “சும்னே ஏன் உடம்பைக் கெடுத்துக்கிற. பேடா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்” என்பார். அவர் பெயரை இங்கே எழுதலாம்தான். ஆனால் இருபத்தாறு வருஷமாக அவள் வாயால் சொல்லாத பெயரை அவள் கதையில் நான் எதற்குச் சொல்வது. காஸ் புத்தகத்திலும் ரேஷன் கார்டிலும் எழுதுவாள். வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். ஆபீஸில் ஆயிரம் பெயரைச் சொல்கிற வாய் அந்த ஒரு பெயருக்கு மட்டும் பூட்டிக்கொள்ளும்.

இந்த வருஷத்தோடு சரி என்று அவள் முடிவு செய்திருந்தாள். முரளிதரனிடம் சொல்லக்கூட ஆரம்பித்தாள். அவர் அதற்குள், “மேடம், இது கடைசிக் கேசட். ரொம்ப நல்ல பிராஜெக்ட்” என்று ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

அது மோகனப்ரியாவுடைய கேசட். ஒன்பதாம் வகுப்புப் பெண். அவள் இருக்கும் இடத்துக்கு டேங்க் காலனி என்று பெயர். கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் குடிசை போட்டு, குடிசை ஓடாகி, ஓடு தளமாகி நிற்கிற காலனி. நடுவில் உயரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் தூணில் பதித்த கல்லில் 1957 என்றும், திறந்துவைத்தவர் பெயரும், இன்ஜினியர் பெயரும், காண்ட்ராக்டர் பெயரும் இருக்கின்றன. தொட்டியைக் கட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லையே என்பதுதான் மோகனப்ரியாவின் கேள்வி. நல்ல கேள்வி. பெரியவர்கள் யாருக்கும் நாற்பது வருஷமாகத் தோன்றாத கேள்வி.

அவள் வீடு வீடாகக் கேட்டுப் பன்னிரண்டு பெயர்களைப் பிடித்துவிட்டாள். தலைமைக் கொத்தனாரின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. அவரை எல்லாரும் மேஸ்திரி என்றே சொல்லியிருக்கிறார்கள். கூட வேலை செய்தவர்களில் சிலர் செத்துப்போனார்கள், சிலர் ஊரோடு போய்விட்டார்கள். அந்த மேஸ்திரி, தொட்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது சாரம் சரிந்து கீழே விழுந்து இறந்தவர். எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்து ஆள். அவருடைய மனைவி மாதம்மா இன்னும் அதே காலனியில் இருக்கிறாள். அறுபத்துமூன்று வயது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். கேசட்டில் இருந்தது அவள் குரல்.

பஞ்சவர்ணம் அதைக் கேட்ட அன்று காதுவலி. ஒரு காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு, இன்னொரு காதால் கேட்டாள். மாதம்மா நிதானமாகப் பேசினாள். காலையில் கம்மங்கூழைக் குடித்துவிட்டுப் போனவரை உச்சி நேரத்தில் பலகையில் தூக்கி வந்தார்கள், மகனுக்கு அப்போது எட்டு மாதம். மோகனப்ரியா தன் கன்னடத் தமிழில், “அவங்க பேர் ஏனு, அஜ்ஜி?” என்று கேட்டாள். மாதம்மா, “அவங்க பேரை நான் எப்புடிச் சொல்லுவேன் கண்ணு. பேரனுக்கு அவங்க பேருதான் வெச்சிருக்குது” என்றாள்.

பேரன் யார் என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். டேங்க் காலனி வழியாகத்தான் அவள் பஸ்ஸுக்கு நடக்கிறாள். அந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டர் மெக்கானிக் பையன் ஒருவன் இருப்பான். அவன் அம்மா சித்தம்மா தெருவே அதிரக் கூப்பிடுவாள், “மஞ்சுநாத், சாப்பிட வாடா” என்று.

ஆகவே, ‘பேரனுக்கு அவர் பெயர்தான்’ என்று இருந்த இடத்தில் பஞ்சவர்ணம், ‘என் கணவர் பெயர் மஞ்சுநாத்’ என்று எழுதினாள். சுற்றி வளைப்பானேன் என்று நினைத்தாள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை வைக்க எழுந்து போய்விட்டாள். மொழிபெயர்ப்பவர் தாமாக எதையும் சேர்க்கக் கூடாது என்று முரளிதரனின் விதித்தாளில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அதை அவள் ஐந்து வருஷமாகப் படித்தும் இருக்கிறாள்.

மோகனப்ரியா அந்தப் பெயரைப் பெரிய சார்ட்டில் சிவப்பு மையில் எழுதினாள். மேலே தொட்டியின் படம், கீழே பதின்மூன்று பெயர்கள், முதலில் ‘மஞ்சுநாத், தலைமைக் கொத்தனார்’. பள்ளிச் சுற்றில் முதல் பரிசு கிடைத்தது. கல்லில் இல்லாத பெயரை ஒரு பெண் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நடுவர் ஒருவர் கைதட்டினாராம். ஞாயிற்றுக்கிழமை மைசூர்ச் சுற்று. அதில் ஜெயித்தால் பெங்களூர். பெங்களூருக்குப் போகப்போகிறோம் என்று அவள் காலனி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பஞ்சவர்ணத்தை பஸ் ஸ்டாப்பில் பார்த்து, “ஆன்ட்டி, அந்தப் பேரு நீங்க எழுதிக் கொடுக்கலைன்னா என் பிராஜெக்டே இல்ல” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சவர்ணத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்து வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு போர்டில் ஒரு கால் வந்தது. ஒரு பெண் குரல், கன்னடத்தில், பதற்றமாக. அவளுடைய யஜமானரோடு, அதாவது வீட்டுக்காரரோடு, பேச வேண்டுமாம், மாமியாருக்கு மயக்கம். பெயர் என்ன என்று கேட்டாள் பஞ்சவர்ணம். எதிர்முனை தயங்கியது. ஸ்டோர்ஸில் இருக்கிறார், உயரமாக இருப்பார் என்றது. இப்படி மாதத்துக்கு இரண்டு கால் வரும். பஞ்சவர்ணம் பழக்கம்போல ஸ்டோர்ஸ் ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிருஷ்ணேகவுடரா, பசவராஜா, நாகேஷா, சிவண்ணாவா. “ஹா, கடைசியா சொன்னீங்களே, அவரேதான்” என்றது குரல். பஞ்சவர்ணம் சிவண்ணாவுக்கு இணைப்பைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

குடித்துக்கொண்டிருந்த டம்ளரைப் பாதியில் கீழே வைத்தாள்.

புருஷன் பெயர் மட்டுமில்லை, மாமனார் பெயரையும் மருமகள் சொல்ல மாட்டாள். பஞ்சவர்ணமும்தான் தன் மாமனார் பெயரைச் சொன்னதில்லை. பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்தால், பெற்றவளுக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிட வேறொரு பெயர் வேண்டும். அதனால்தானே அவள் அண்ணி தன் மகனைக் கடைசிவரைக்கும் பாபு என்றே கூப்பிட்டாள். அப்படியிருக்க, சித்தம்மா தெருவே அதிரக் கூப்பிடுகிற பெயர் எப்படி அவள் மாமனார் பெயராக இருக்கும்? அது போகட்டும், நாற்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஹனூர்க் கொத்தனாருக்கு மஞ்சுநாத் என்று யார் பெயர் வைத்திருப்பார்கள்? ஊரில் அந்தக் காலத்தில் அந்தப் பெயர் ஒன்றாவது உண்டா? கேட்டதும் தட்டுப்பட்டிருக்க வேண்டும். வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும் அவளுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

அன்று முழுக்க அவள் தப்புத் தப்பாக இணைப்புக் கொடுத்தாள். இரண்டு பேர் திட்டினார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தாள். நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மாதம்மாவின் மகனும் செத்துப்போன பிறகு, சரியான பெயர் தெரிந்தவர்கள் உலகத்தில் மாமியாரும் மருமகளுமாக இரண்டே பேர், இரண்டு பேருமே அதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு தப்பை ஒளித்துவைக்க இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அந்தப் பெண்ணும் பெங்களூர் போய்விட்டு வரட்டும். தன் கால் வலியும் காது வலியும் யாருக்கு வேண்டியிருக்கிறது. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே டேங்க் காலனியில் இறங்கி, மாதம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

சித்தம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் சுற்றி வளைக்கவில்லை.

“உங்க பையனுக்குப் பேர் வெச்சப்ப வெச்சது மஞ்சுநாத்தா?”

“இல்லீங்க. அது நான் கூப்புடறது” என்றாள் சித்தம்மா. “வெச்சது எங்க மாமனார் பேரு. அதை நான் எப்புடிங்க வாயில சொல்றது?”

“ஸ்கூல்ல?”

“அவங்கப்பா போயி ஆறு மாசங்க அப்ப. நாந்தான் சேக்கக் கூட்டிட்டுப் போனேன். டீச்சர் பேரு கேட்டாங்க. சொல்ல முடிஞ்சதைச் சொல்லிட்டு வந்துட்டேன்.”

“பையனுக்காவது தெரியுமா, அவன் பேர் வேறன்னு?”

சித்தம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். “ஆருங்க சொல்றது அவனுக்கு?”

உள்ளே மாதம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. பஞ்சவர்ணம் எதிரில் உட்கார்ந்து, செய்த தப்பைச் சொன்னாள். சார்ட்டில் உங்கள் பேரன் பெயரை எழுதிவிட்டோம், மேஸ்திரி பெயர் அதில் இல்லை என்றாள். மாதம்மாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவளோ, “போச்சாது உடு அம்மிணி. கல்லுலயுந்தான் இல்ல” என்றாள். அதைக் கேட்டதும் பஞ்சவர்ணத்துக்கு, வந்தது நல்லதாயிற்று என்று பட்டது.

“நான் ஒண்ணொண்ணா சொல்றேம்மா. நீங்க வாயைத் திறக்க வேண்டாம். வந்தா தலையை மட்டும் ஆட்டுங்க.”

ஆரம்பித்தாள். மாரப்பன், முத்துசாமி, பொன்னுசாமி, அய்யாவு, குப்புசாமி. மாதம்மா இல்லை இல்லை என்று தலையசைத்துக்கொண்டே வந்தாள். சின்னப்பன், நஞ்சப்பன், கருப்பண்ணன், மாதப்பன், ரங்கசாமி. வெளியில் முறத்தின் சத்தம் நின்றுவிட்டது. பஞ்சவர்ணத்துக்குத் தொண்டை வறண்டது. நாள் முழுக்கப் பேசிய தொண்டை. தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தாள், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கத் தெம்பு இருக்காது என்று தொடர்ந்தாள். பழனியப்பன், வீரப்பன், சடையப்பன், லிங்கப்பன்.

மாதம்மா தலையை ஆட்டவில்லை. நீட்டியிருந்த காலை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

“லிங்கப்பனாம்மா?”

மாதம்மா தரையைப் பார்த்துக்கொண்டே ஒருமுறை தலையசைத்தாள். வாசலில் சித்தம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம் முரளிதரன் வீட்டில் மோகனப்ரியாவையும் வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னாள். முரளிதரன் தலையைச் சொறிந்தார். கட்டுரை நடுவர்களிடம் போய்விட்டது, இனி மாற்ற முடியாது, திருத்தச் சீட்டு ஒன்று சேர்த்துக் கொடுக்கலாம், ஆனால் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்றார். பேட்டியில் சொல்லாததைச் சேர்த்ததாக உதவியவர் கையெழுத்தும் போட வேண்டும்.

“பேடா ஆன்ட்டி” என்றாள் மோகனப்ரியா. அவள் முகம் சிவந்துவிட்டது. “ப்ளீஸ். பெங்களூர் போயிட்டு வந்து மாத்திக்கலாம். யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் அதேதான் தோணிச்சு, பஸ்ஸுல வரப்ப” என்றாள் பஞ்சவர்ணம். “நான் செஞ்ச தப்பு. நீ அனுபவிக்கிற. என்மேல கோபப்படு, பரவாயில்லை. ஆனா ஒண்ணு. கல்லுல பேர் இல்லைன்னு கேட்டவ நீ. நாம எழுதினதுலயும் இல்லைன்னா அந்தக் கல்லே தேவலாம் இல்லையா?”

பஞ்சவர்ணம் திருத்தச் சீட்டைக் கன்னடத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. வழக்கம்போல எழுதினாள். தனக்கு இப்படி ஒரு கட்டமாவது இருக்கிறது. எழுத்துத் தெரியாத மாதம்மா அந்தப் பெயரை வாயாலும் சொன்னதில்லை, கையாலும் எழுதினதில்லை. பஞ்சவர்ணம் எழுந்தபோது, மோகனப்ரியா தலை நிமிராமல் ஒரு வெள்ளைத் தாளை நீளமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. பதினொரு வழிகளில் அறை தரலாம் என்பதற்கு டிக் போட்டவர் புண்ணியம். முப்பது சார்ட்டுகள் வரிசையாக நின்றன. மோகனப்ரியாவின் சார்ட்டில் முதல் பெயரின் மேல் தாள் ஒட்டி, ‘லிங்கப்பன், தலைமைக் கொத்தனார்’ என்று புதிதாக எழுதியிருந்தது. அடியில் இருந்த சிவப்பு மை லேசாகத் தெரிந்தது. நடுவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். ஏன் ஒட்டியிருக்கிறது என்று கேட்டார்கள். மோகனப்ரியா கடகடவென்று சொன்னாள், அந்த அம்மாள் ஏன் பெயர் சொல்லவில்லை, மருமகள் ஏன் சொல்லவில்லை, பேரனுக்கு ஏன் இரண்டு பெயர் என்று எல்லாம். நன்றாகவே சொன்னாள். நடுவர்களில் ஒரு பெண்மணி பேனாவை மூடிக்கொண்டு கேட்டார். ஆனால் விதி விதிதானே. மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு வாங்கியவர்கள் மட்டும் பெங்களூர் போவார்கள்.

மோகனப்ரியா பரிசாகக் கொடுத்த டிக்ஷனரியை வாங்கிக்கொண்டு, பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பாமல் மண்டபத்துக்கு வெளியே போய்விட்டாள். போகட்டும், சின்னப் பெண். ஆனாலும் பஞ்சவர்ணத்துக்கு வலித்தது. அதற்குள் முரளிதரன், “மேடம், அடுத்த வருஷத்துக்கு...” என்று ஆரம்பித்தார். “என்னால முடியலை சார். அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டு, ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சார்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போதுதான் மாதம்மா வந்தாள். வேலை செய்கிற வீடுகளை முடித்துவிட்டு, சித்தம்மாவைக் கூட்டிக்கொண்டு, வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். போட்டி முடிந்துவிட்டது என்று பஞ்சவர்ணம் சொன்னாள். அவள் போட்டிக்காக வரவில்லை போலிருந்தது.

“எங்க இருக்குது அது?” என்று கேட்டாள்.

பஞ்சவர்ணம் சார்ட்டின் முன்னால் பெஞ்சை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். சித்தம்மா தள்ளி நின்றுகொண்டாள். மாதம்மா எழுத்துகளை மேலிருந்து கீழே பார்த்தாள். ஒட்டிய தாளின் விளிம்பை ஒரு விரலால் தடவினாள்.

“இதுவா?”

“ஆமாம்மா.”

“என்ன எழுதியிருக்குதுன்னு படி அம்மிணி.”

பஞ்சவர்ணம் படித்தாள். “லிங்கப்பன், தலைமைக் கொத்தனார்.”

மாதம்மா கண்ணை மூடிக்கொண்டாள். “அவங்கம்மா இருந்த வரைக்கும் கூப்புட்டுட்டு இருந்தாங்க, செத்த மகனை. வாசல்ல உக்காந்துட்டு. அவங்களும் போயி முப்பது வருசமாச்சு. நான் கூப்புட முடியாது. இவளும் கூப்புட மாட்டா. எம்மகன் அப்பான்னு சொன்னான், அவனும் போயிட்டான். பேரனுக்கு வெச்சா ஆராச்சும் கூப்புடுவாங்கன்னு வெச்சோம்.” கண்ணைத் திறந்து சார்ட்டைப் பார்த்தாள். “எங்க வூட்டுல அந்தப் பேரை ஆரும் கூப்புடறதே இல்ல அம்மிணி. இன்னொருக்கா படி.”

பஞ்சவர்ணம் இன்னொரு முறை படித்தாள். காது ரீங்கரித்தது. அழுகை வேறு வந்தது, அடக்கவில்லை.

“சத்தமாப் படி. எட்டத்துல இருந்து ஆளைக் கூப்புடற மாதிரி.”

அது பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்த வேலை. இருபத்தோரு வருஷமாகச் செய்கிற வேலை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலியான மண்டபத்தின் அந்தக் கோடி வரைக்கும் எட்டுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, “லிங்கப்பன்” என்று கூப்பிட்டாள். சார்ட் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். புருஷன் வாசலில் நுழைந்தால் எழுந்து நிற்பதுபோல, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

“உக்காருங்கம்மா. கால் வலிக்கப் போகுது” என்றாள் பஞ்சவர்ணம்.

“இருக்கட்டும்” என்றாள் மாதம்மா. “நீ கூப்புடு.”